சிறுகுடலின் கருநிறப் படிவுகள்

உடலின் அகத்தே கருமை தோன்றுமாயின் அதனைத் தீங்கின் அடையாளமாகக் கொள்வது மக்கள் இயல்பு. குருதியோட்டம் அற்ற விரல் கறுக்கின்றது. அடிபட்டுக் குருதி உறைந்த இடம் கறுக்கின்றது. தோலில் உண்டாகும் கொடிய புற்றுநோய்களுள் ஒன்றும் பெரும்பாலும் கருநிறத்துடனேயே தோன்றுகின்றது. ஆதலால், தமது இரைப்பையையும் சிறுகுடலையும் பரிசோதிப்பித்துக்கொண்ட ஒருவர், 'சிறுகுடலின் முற்பகுதியிற் கரும்புள்ளிகள் பரவலாகக் காணப்படுகின்றன' என்னும் வரியை அறிக்கையிற் படிக்க நேரின், அவர் கலங்குவதில் வியப்பில்லை. அக்கருமைக்கு மருத்துவ நூல்கள் வழங்கும் பெயரும் அக்கலக்கத்தைப் பெருக்குவதாகவே அமைந்துள்ளது.

எனினும், இப்புள்ளிகளுட் பெரும்பாலானவை எவ்விதத் தீங்கும் பயப்பன அல்ல. அவை எவற்றால் ஆயின, எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தன, எவரிடம் காணப்படுகின்றன, எவற்றிலிருந்து வேறுபடுத்தி அறியப்படல் வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். தீங்கற்றதொன்றைத் தீங்கென்று கருதுவதாலும், தீங்கற்றதொன்றின் மீது வேறொரு நோயின் பழியைச் சுமத்துவதாலும் நோயாளிக்கு உண்மையான கேடு விளையக்கூடும். இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டமைக்கு அதுவே காரணமாகும்.

1. கண்ணுக்கு எட்டிய சிறுகுடல்

இரைப்பையை அடுத்து வரும் சிறுகுடற் பகுதி முன்சிறுகுடல் எனப்படும். ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமுடைய இப்பகுதி, சதையியின் தலைப்பகுதியை வளைத்து நிற்கின்றது. பன்னிரண்டு விரல்களின் அகலத்துக்கு ஒப்பான நீளமுடையது எனப் பண்டைய கிரேக்க மருத்துவர் இதனை அளந்து பெயரிட்டனர். மேலை நாட்டு மருத்துவத்தில் இன்றும் வழங்கும் 'டியோடினம்' என்னும் பெயர், பன்னிரண்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்ததாகும்.

உயிருள்ள மனிதரின் உணவுக்கால்வாயினுட் குழாயைச் செலுத்திப் பார்க்கும் முயற்சி, 1868இல் ஜேர்மனிய மருத்துவரான குஸ்மௌல் என்பவரால் தொடங்கப்பட்டது. அவர் பயன்படுத்திய குழாய் வளையாதது. ஆதலால் வாளை விழுங்கிக் காட்டும் வித்தைக்காரர் ஒருவரையே அவர் பரிசோதனைக்குத் தேர்ந்தெடுத்தார். ஓரளவு வளையக்கூடிய கருவியை 1932இல் ஷிண்ட்லர் ஆக்கினார். 1957இல் ஐக்கிய அமெரிக்காவில் ஹிர்ஷோவிற்ஸ் என்பவர், கண்ணாடி இழைகளாலான, நன்கு வளையும் அகநோக்கியை அறிமுகப்படுத்தினார். அதன் பின்னரே இரைப்பையைக் கடந்து முன்சிறுகுடலின் உட்சுவரைத் தெளிவாகக் காண்பது வழமையான மருத்துவச் செயலாயிற்று.

இவ்வரலாற்றை நாம் இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பெருங்குடலின் உட்சுவர் கறுத்திருத்தலைப் பிரெஞ்சு மருத்துவரான குருவேய்யே 1829ஆம் ஆண்டளவிலேயே குறிப்பிட்டுள்ளார். முன்சிறுகுடலின் கருமையோ 1976இலேயே பைசோர்டி, கிளைன்மன் ஆகிய இருவரால் மருத்துவ ஏட்டில் விவரிக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்துள்ளது. இதனை வைத்து, முன்சிறுகுடற் கருமை அண்மையில் உண்டான புதுநோய் எனக் கொள்ளுதல் பொருந்தாது. பார்க்கும் கருவி கிடைத்த பின்னரே பார்க்கப்படும் பொருளும் அறியப்பட்டது என்பதே பொருத்தமாகும்.

2. புறத்தோற்றம்

ஆரோக்கியமான முன்சிறுகுடலின் உட்சுவர் இளஞ்சிவப்பு நிறமானது. வெல்வெற்றுத் துணியைப் போன்ற மென்மையுடன் அது காணப்படும். அம்மென்மைக்குக் காரணம், சுவரிலிருந்து விரல்கள் போல் எழுந்து நிற்கும் எண்ணிறந்த சடைமுளைகளாகும். ஒரு சடைமுளையின் உயரம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தொடக்கம் ஒரு மில்லிமீற்றர் வரை இருக்கும்.

நாம் ஆராயும் நிலையில், இவ்விளஞ்சிவப்புப் பரப்பின் மீது மிளகுத்தூளைத் தூவினாற் போன்று கருமையான அல்லது கருங்கபிலமான நுண்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். புள்ளிகள் தட்டையானவை. அவை சுவரைத் தடிக்கச் செய்வதில்லை, புண்ணாக்குவதில்லை, நீரைப் பாய்ச்சிக் கழுவினும் அகல்வதில்லை. முன்சிறுகுடலின் முதலிரு பகுதிகளிலேயே இவை பெரும்பாலும் காணப்படுகின்றன. மிக அருமையாக இரைப்பையிலும், சிறுகுடலின் பிற்பகுதிகளிலும் இவை இருந்தமை பதிவாகியுள்ளது. ஆயினும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். வழமையான அகநோக்கி முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதிக்கு அப்பாற் செல்வது அரிது. ஆகவே, படிவு அவ்விடத்தோடு நின்றுவிடுகின்றதா, நமது பார்வைதான் அவ்விடத்தோடு நின்றுவிடுகின்றதா என்பது ஒவ்வொரு நோயாளியிடத்தும் உறுதியாகச் சொல்லக்கூடியதன்று.

3. நுணுக்குக்காட்டியிற் காண்பவை

புள்ளி உள்ள இடத்திலிருந்து இழையத்துண்டு ஒன்றைக் கிள்ளியெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்போமாயின், கருமையின் இருப்பிடம் புலப்படும். சடைமுளையை மூடியிருக்கும் மேலணிக் கலங்களில் நிறப்பொருள் பெரும்பாலும் இருப்பதில்லை. அம்மேலணிக்குக் கீழே, சடைமுளையின் நுனிப்பகுதியில் உள்ள தொடுப்பிழையத்தில், பருத்த சில கலங்கள் கருங்கபிலத் துணிக்கைகளால் நிறைந்திருக்கக் காணலாம். அவையே பெருந்தின்குழியங்கள்.

தின்குழியங்களின் தொழிலை முதன்முதலிற் கண்டு விளக்கியவர் மெச்னிக்கோவ் என்னும் உருசிய அறிஞராவார். இவர் 1908இல் நோபெல் பரிசு பெற்றார். உடலுட் புகும் நுண்ணுயிர்களை மட்டுமன்றி, இறந்த கலங்களையும், சிதைந்த செங்குழியங்களையும், கரையாத துணிக்கைகளையும் இக்குழியங்கள் விழுங்குகின்றன. விழுங்கியவற்றை இலைசோசோம் எனப்படும் நுண்பைகளுள் இட்டுச் சிதைக்கின்றன. சிதைக்க முடிந்தவை மீண்டும் உடலின் பயன்பாட்டுக்குச் செல்கின்றன; முடியாதவை அப்பைகளுள்ளேயே தங்கிவிடுகின்றன. இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் ஆராய்ந்தோர், முன்சிறுகுடற் கருமைக்குரிய துணிக்கைகள் இலைசோசோம்களுள் அடைபட்டிருப்பதைக் கண்டுள்ளனர். எனவே நமது கண்ணுக்குக் கரும்புள்ளியாகத் தோன்றுவது, தன் பணியைச் செய்து மீதியைச் சேமித்து வைத்திருக்கும் ஒரு கலத்தொகுதியே எனலாம்.

4. பெயரும் பொருளும்

தொடக்கத்தில் இந்நிலைக்கு 'மெலனோசிசு' என்று பெயரிடப்பட்டது. கரிய என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த இப்பெயர், நிறத்தை மட்டுமே குறித்திருக்குமாயின் குற்றமில்லை. ஆயின் தோலுக்கும் தலைமயிருக்கும் கருமையைத் தரும் 'மெலனின்' என்னும் நிறப்பொருளை அது நினைவூட்டுகின்றது. அதனோடு 'மெலனோமா' என்னும் புற்றுநோயின் பெயரையும் நினைவூட்டுகின்றது. முன்சிறுகுடற் படிவில் உள்ளது மெலனின் அன்று என்பது தெளிந்த பின்னர், 'போலி' என்னும் பொருள்தரும் முன்னொட்டு ஒன்று பெயரோடு சேர்க்கப்பட்டு, 'சூடோமெலனோசிசு' என வழங்கலாயிற்று. தமிழில் இதனைப் 'போலிக்கருமை' என நாம் வழங்கலாம்.

அங்ஙனமாயின் அப்பொருள் யாது? ஊடுகதிர்ப் பகுப்பாய்வினால் இத்துணிக்கைகளின் மூலகங்களை அறிந்தபோது, இரும்பும் கந்தகமும் அவற்றில் முதன்மையாகக் காணப்பட்டன. கல்சியம், மகனீசியம், அலுமினியம், பொற்றாசியம் முதலியன சிறிதளவு கலந்திருந்தமையும் சில ஆய்வுகளில் அறியப்பட்டது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த இரும்புச் சல்பைட்டே இக்கருமையின் பெரும்பகுதி என்பது இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும்.

இரும்புச் சல்பைட்டு நமக்குப் புதிய பொருளன்று. முட்டையை நெடுநேரம் அவித்து உரித்தாற் மஞ்சட்கருவைச் சுற்றிக் கரும்பச்சை வளையம் ஒன்று தோன்றுவதை நமது சமையலறைகளிற் கண்டிருக்கிறோம். வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சட்கருவின் இரும்பும் கூடி உண்டாக்கும் இரும்புச் சல்பைட்டே அவ்வளையம். கடனீரேரிகளின் ஓரத்தே, காற்றுப்புகாத சேற்றைக் கிளறும்போது வெளிப்படும் கருமைக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அவித்த முட்டையின் வளையத்தைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை.

சாயமேற்றும் சோதனைகளில் இப்படிவு ஆய்வாளரைப் பலமுறை குழப்பியதுண்டு. இழையத்தில் இரும்பு உண்டா என அறிவதற்குப் பேர்ள்ஸ் என்பவர் 1867இல் வகுத்த முறையே இன்றும் பயன்படுகின்றது. அம்முறையில் மூவலு இரும்பு நீலநிறம் காட்டும். சல்பைட்டாக இருக்கும் இரும்போ ஈரலு நிலையில் உள்ளமையால், நீலம் காட்டாதும் போகலாம். காலப்போக்கில் அதன் ஒருபகுதி ஒட்சியேற்றமடைந்தால், அப்பகுதி மட்டும் நீலமாகும். மெலனினை அறிவதற்கான வெள்ளிச் சாயத்தைச் சல்பைட்டும் கறுக்கச் செய்யும். ஆதலால் ஒரே படிவு, ஓராய்வுகூடத்தில் 'இரும்பு இல்லை, மெலனின் உண்டு' என்றும், பிறிதோர் ஆய்வுகூடத்தில் 'இரும்பு உண்டு' என்றும் முடிவு பெற வாய்ப்புண்டு. தொடக்கத்தில் நேர்ந்த பெயர்க்குழப்பத்துக்கு இச்சாயங்களின் இரட்டை நாக்கும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

5. எவரிடம் காணப்படுகின்றது?

இதுவரை வெளிவந்த நோயாளர் விவரங்களை நோக்குமிடத்து, போலிக்கருமை பெரும்பாலும் நடுவயதைக் கடந்தோரிடத்தும் முதியோரிடத்தும் காணப்படுகின்றது. பெண்களிடத்துச் சற்று மிகுதியாகக் காணப்பட்டமையும் கூறப்படுகின்றது. இவர்களுட் பலருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய், உயர் குருதியமுக்கம், நீரிழிவு, இதயநோய் என்பனவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. பலர் இரும்புக் குளிசைகளை உட்கொண்டு வந்தனர். பலர் ஐதராலசீன், புரோப்பிரனலோல், பியூறோசமைட்டு, ஐதரோகுளோரோதயசைட்டு முதலிய மருந்துகளைப் பாவித்து வந்தனர்.

இத்தொடர்புகளைக் கொண்டு சில விளக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, இரும்பின் வரவு பற்றியது. உணவிலுள்ள இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படும் இடம் முன்சிறுகுடலே. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் இரும்பையே ஆரோக்கியமான உடல் ஏற்றுக்கொள்கின்றது. குளிசையாக உட்கொள்ளப்படும் இரும்பு அதனினும் பன்மடங்கு கூடியது. மேலணிக் கலங்களிற் சேரும் மிகை இரும்பு, அக்கலங்கள் முதிர்ந்து சடைமுளை நுனியிலிருந்து சில நாட்களில் உதிரும்போது அவற்றோடு வெளியேறுவது இயல்பு. ஒருபகுதி அங்குள்ள தின்குழியங்களின் வசமாகுமாயின், நுனியிலேயே படிவு தோன்றுவதற்கு அது பொருந்திய விளக்கமாகும். எனினும், இரும்புக் குளிசையை ஒருபோதும் உட்கொள்ளாத சிலரிடத்தும் போலிக்கருமை காணப்பட்டுள்ளது.

இரண்டாவது, குருதிக்கசிவு பற்றியது. சடைமுளையின் நுண்குழாய்களினின்றும் சிறிதளவு குருதி இழையத்துட் கசியின், செங்குழியங்களின் ஈமோகுளோபினில் உள்ள இரும்பு தின்குழியங்களைச் சேரும். குடலில் குருதிப்போக்கு உடையோரிடத்து இந்நிலை காணப்படுவதற்கு இது காரணமாகலாம்.

மூன்றாவது, கந்தகத்தின் வரவு பற்றியது. கந்தகம் கொண்ட மருந்துகளிலிருந்து அது வருகின்றது என்பது அடிக்கடி கூறப்படும் கருத்து. பியூறோசமைட்டும் ஐதரோகுளோரோதயசைட்டும் கந்தகம் உடையன என்பது உண்மை. ஆயின் ஐதராலசீனின் இரசாயனச் சூத்திரத்திலோ புரோப்பிரனலோலின் இரசாயனச் சூத்திரத்திலோ கந்தகம் இல்லை. எனவே மருந்துக் கந்தகம் என்னும் விளக்கம் எல்லா நோயாளருக்கும் பொருந்தாது. புரதங்களிலுள்ள சிசுத்தீன், மெதியொனீன் என்னும் அமினோ அமிலங்கள் கந்தகம் கொண்டவை. அவை நாம் உண்ணும் உணவிலேயே உள்ளன. கந்தகத்துக்கு மருந்துகளையே நாடவேண்டிய தேவை இல்லை.

இவை யாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. அகநோக்கிப் பரிசோதனைக்கு உட்படுத்தப்படுவோர் எவர்? குருதிச்சோகை உடையோர், குருதிப்போக்கு உடையோர், நாட்பட்ட நோயினால் வயிற்றுக் குறைபாடு உடையோர் ஆகியோரே. சிறுநீரக நோயாளர் குருதிச்சோகைக்கு உள்ளாவதும், அதற்கென இரும்புக் குளிசைகளையும் குருதியமுக்கத்துக்கென வேறு மருந்துகளையும் பெறுவதும் வழமை. அவர்களின் குடலே அடிக்கடி பார்க்கப்படுகின்றது. எவ்வித நோயுமற்றோரின் முன்சிறுகுடலை எவரும் நோக்குவதில்லை. ஆகவே சிறுநீரக நோய் இக்கருமையை உண்டாக்குகின்றதா, அன்றிச் சிறுநீரக நோயாளரிடம் நாம் அதனை அதிகம் தேடிக் காண்கின்றோமா என்னும் வினா எழுகின்றது. கூடியிருத்தல் வேறு, காரணமாதல் வேறு என்னும் அடிப்படை நியாயத்தை இங்கு மறத்தலாகாது.

6. உறவுடைய இரு படிவுகள்

போலிக்கருமையை விளங்கிக்கொள்வதற்கு, குடலிற் காணப்படும் வேறிரு தீங்கற்ற படிவுகளை அதனோடு ஒப்புநோக்குதல் பயன்தரும்.

ஒன்று, முன்னர் நாம் குறிப்பிட்ட பெருங்குடற் கருமை. அங்கு நிறப்பொருள் இரும்புச் சல்பைட்டு அன்று. கலங்கள் சிதைவதால் உண்டாகும் 'இலிப்போபூசின்' என்னும் கபிலநிறப் பொருளாகும். பேதி மருந்துகளை நீண்டகாலம் உட்கொள்வோரிடத்து இது தோன்றுகின்றது. நிலாவாரை, கற்றாழை, இரேவற்சின்னி ஆகியவற்றிலுள்ள ஆந்திராக்குயினோன் வகைப் பொருள்கள் பெருங்குடலின் மேலணிக் கலங்களை மடியச் செய்கின்றன; மடிந்தவற்றைத் தின்குழியங்கள் விழுங்குகின்றன. நிலாவாரையின் இலை, திருநெல்வேலிப் பகுதியிற் பயிரிடப்பட்டு, அவ்வூரின் ஆங்கில வழக்குப் பெயராலேயே உலகச் சந்தையில் நெடுங்காலமாக அறியப்பட்டு வருகின்றது. நமது மூதாதையரின் வீட்டு வைத்தியத்திலும் அதற்கு இடமுண்டு. நிலாவாரையின் பொருள்கள் பெருங்குடலிலுள்ள பற்றீரியாக்களால் உடைக்கப்பட்ட பின்னரே செயற்படுகின்றன. அதனாலேயே சிறுகுடல் கறுக்காது பெருங்குடல் மட்டும் கறுக்கின்றது. பேதி மருந்தை நிறுத்தினால் அக்கருமை சில மாதங்களிலிருந்து ஓராண்டு வரையிலான காலத்தில் மறையக்கூடும். அது புற்றுநோயை உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை.

மற்றையது, சிறுகுடலின் இறுதிப் பகுதியான சுருட்குடலில் உள்ள பெயரின் திட்டுகளிற் காணப்படும் படிவு. 1677இல் சுவிஸ் நாட்டவரான பெயர் என்பவர் விவரித்த இந்நிணநீர்த் திட்டுகளின் அடியிலுள்ள தின்குழியங்களிற் கருநிறத் துணிக்கைகள் உண்டு. அவற்றை ஆராய்ந்தபோது அலுமினியச் சிலிக்கேற்றுகளும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் காணப்பட்டன. முன்னையது மண்ணிலும் தூசியிலும் உணவுச் சேர்மானங்களிலும் உள்ளது. பின்னையது உணவுக்கும் மாத்திரைகளுக்கும் வெண்மையூட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டு வந்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதனை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. அத்தடை இப்படிவைக் காரணமாகக் கொண்டதன்று. மரபுப்பொருளுக்கு அதனாற் பாதிப்பு நேராது என உறுதியாகக் கூற இயலாமையே அதற்குக் காரணம்.

முன்சிறுகுடலில் இரும்பு, சுருட்குடலில் தூசி, பெருங்குடலில் மடிந்த கலங்களின் எச்சம் என மூன்றிடங்களிலும் பொருள் வேறாயினும், நிகழும் செயல் ஒன்றே. உட்கொண்டவற்றுட் கரையாததைத் தின்குழியங்கள் தாங்கி நிற்கின்றன.

7. வேறுபடுத்தி அறியவேண்டியவை

குடலில் தோன்றும் கருமை யாவும் தீங்கற்றவை என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. பின்வருவன வேறுபடுத்தி அறியப்படல் வேண்டும்.

(அ) மெலனோமா என்னும் புற்றுநோய் தோலிலிருந்து பரவும்போது, உணவுக்கால்வாயிற் சிறுகுடலையே பெரிதும் நாடுகின்றது. அது பெரும்பாலும் முடிச்சாகவோ, நடுவே புண்பட்ட திரளாகவோ எழுந்து தோன்றும். போலிக்கருமையைப் போலத் தட்டையாகத் தூவப்பட்டிராது. அதிலுள்ளது உண்மையான மெலனின். பேர்மங்கனேற்றுக் கரைசலில் மெலனின் வெளிறிவிடும்.

(ஆ) இரும்புக் குளிசை கரையாது சுவரில் ஒட்டிக்கொள்ளின், அவ்விடம் அரிக்கப்பட்டுப் புண்ணாகலாம். இது படிவன்று, காயமாகும். மருந்தின் வடிவத்தை மாற்றுதல் வேண்டும்.

(இ) உடலில் இரும்பு மிகைப்படும் நோய்களிலும், பலமுறை குருதியேற்றப்பட்டோரிடத்தும் 'ஈமோசிடரின்' என்னும் இரும்புப்பொருள் இழையங்களிற் சேரக்கூடும். இங்கு கவனிக்கப்பட வேண்டியவை ஈரலும் இதயமும் ஆகும்.

(ஈ) கொழுப்பு உறிஞ்சப்படாத நோய்களில் விற்றமின் ஈ குறைவடையுமாயின், குடலின் தசைப்படையில் இலிப்போபூசின் சேர்ந்து குடல் முழுவதும் கபிலமாகும். படிவு உட்சுவரில் அன்றித் தசையில் இருத்தல் இதன் அடையாளம்.

(உ) நஞ்சுண்டோருக்குக் கொடுக்கப்படும் கரித்தூளும் சுவரிற் படிந்து கருமையாகத் தோன்றலாம். அதனைக் கழுவி அகற்றலாம்.

இவற்றுட் பெரும்பாலானவற்றைத் தெளிவுபடுத்துவதற்குச் சிறிய இழையத்துண்டு ஒன்றே போதுமானது. முதன்முறை கருமை காணப்படுமிடத்து அதனைக் கிள்ளியெடுத்து ஆராய்தல் தக்கது. போலிக்கருமை என்று தெளிந்த பின்னர், அதன் பொருட்டே மீண்டும் மீண்டும் அகநோக்கியைச் செலுத்துவதற்கு நியாயம் இல்லை.

8. நோயாளியும் மருத்துவரும்

போலிக்கருமைக்குச் சிகிச்சை இல்லை; சிகிச்சை தேவையும் இல்லை. அது புற்றுநோயாக மாறுவதாக அறியப்படவில்லை. உணவு உறிஞ்சப்படுவதை அது தடுப்பதில்லை. சிலரிடத்து அது நாளடைவில் மறைந்தமையும் பதிவாகியுள்ளது. எனினும், இவ்விடத்து மூன்று தவறுகள் நேரக்கூடும். அவற்றைச் சுட்டுதல் நமது கடமையாகும்.

முதலாவது தவறு, நோயாளி தாமாகவே மருந்தை நிறுத்துதல். குருதியமுக்க மருந்தோ இரும்போ தமது குடலைக் கறுக்கச் செய்தது எனக் கேள்வியுற்ற ஒருவர், அவற்றைக் கைவிட எண்ணுதல் இயல்பே. ஆயின் குடலிலுள்ள புள்ளி அவருக்கு எத்தீங்கும் செய்யாது. கட்டுப்படாத குருதியமுக்கமோ மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்க வல்லது. தீங்கற்ற கறையை அகற்றுவதற்காகத் தீங்கைத் தடுக்கும் மருந்தை விடுதல், நிழலை விரட்டுவதற்கு விளக்கை அணைப்பதை ஒக்கும்.

இரண்டாவது தவறு, மருத்துவர் தேடலை நிறுத்துதல். குருதிச்சோகையின் காரணத்தை அறிவதற்காக அகநோக்கி செலுத்தப்பட்டு, அங்கு கருமை ஒன்று கண்ணிற் படுமாயின், தேடியது கிடைத்துவிட்டதென்னும் மயக்கம் உண்டாகலாம். போலிக்கருமை குருதியைச் சிந்துவதில்லை. குருதி எங்கிருந்து போகின்றது என்னும் வினா அப்போதும் விடையின்றியே நிற்கின்றது. அது இரைப்பைப் புண்ணாகலாம், கொழுக்கிப்புழுவாகலாம், பெருங்குடலில் மறைந்திருக்கும் கட்டியாகலாம். கண்ணைக் கவர்ந்த கறை, கண்ணுக்கு எட்டாத நோயை மறைத்துவிட இடமளித்தலாகாது.

மூன்றாவது தவறு, சொல்லின்பாற்பட்டது. 'மெலனோசிசு' என்று மட்டும் எழுதிய அறிக்கையை விளக்கமின்றி நோயாளியின் கையிற் கொடுத்தல், அவரை அச்சத்தோடு வீட்டுக்கு அனுப்புவதாகும். மக்களின் மொழியில் இரண்டு வரிகள் சொல்வது போதுமானது: 'உமது குடலின் சுவரிற் சிறிதளவு இரும்பு படிந்து கறுத்துள்ளது. அது புற்றுநோய் அன்று. அதனால் உமக்குக் கேடில்லை. மருந்துகளைத் தொடர்ந்து எடும்.' இவ்விரு வரிகளைச் சொல்வதற்கு வேண்டிய கலைச்சொற்கள் நம்மிடம் உண்டு. கலைச்சொல் ஆக்கத்தின் பயன் நூல்களோடு நின்றுவிடாது, நோயாளியின் கட்டிலருகே சென்று சேர்தல் வேண்டும் என்பது நமது கருத்து.

முடிவுரை

நாம் ஆராய்ந்த படிவு மிகச் சிறியது. நோய் எனக் கூறுதற்கும் உரித்தன்று. எனினும் அதனூடாக மருத்துவ அறிவின் வளர்ச்சி முறையைக் காண முடிகின்றது. புதிய கருவி புதிய தோற்றத்தைக் காட்டியது, தோற்றத்தைக் கொண்டு அவசரமாகப் பெயரிடப்பட்டது, சாயங்கள் ஒன்றுக்கொன்று முரணாயின, மூலகப் பகுப்பாய்வு பொருளைத் தெளிவாக்கியது, பெயரும் திருத்தப்பட்டது. காரணம் பற்றிய வினா மட்டும் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. நோயற்றோரிடத்தும் இந்நிலையை ஒழுங்காக ஆராய்ந்தாலன்றி அது தீராது.

கறுத்ததெல்லாம் கேடு என்று கொள்ளாமலும், கேடற்றது என அறிந்தவுடன் ஆராய்வைக் கைவிடாமலும் இருத்தலே இச்சிறு படிவு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.